முதுகில் எழுந்த மேடு

பையை மேல தூக்கி வெக்காத கண்ணு. எம் மடியிலயே இருக்கட்டும். நீ சித்தெ அக்கட்டால நகந்து உக்காந்தியின்னா போதும். ஆங், போதும் போதும். உள்ள என்னன்னா பாக்கற? காயுமில்ல, சோத்துப் போசியுமில்ல. கத்தமாட்டேன்னு சொல்லு, சொல்றேன். ஆமை.

அட, எதுக்கு இப்பிடிக் காலை மேல தூக்கற? பல்லே இல்லாத சீவன், அது உன்னையக் கடிக்கப் போகுதாக்கும்! கண்டக்டர் காதுல மட்டும் போட்டுறாத. இதைய வெச்சிருந்தாலே ஜெயிலுன்னு சட்டம் இருக்குது. நான் திருடிட்டுப் போகல. திருடுனது காலையில. இப்பத் திருப்பிக் கொண்டு போயி வெக்கப் போறேன். தாராபுரத்துக்கு முன்னால ஒரு ஆமை மையம் இருக்குது பாத்திருக்கியா, ரோட்டோரமா பச்சை போர்டு? அங்கதான் மூணு வருசமா வேலை. இந்த மாதிரிக் கடத்திட்டுப் போறப்பப் புடிபட்ட ஆமைகளைக் கொண்டாந்து வளத்திக் காட்டுல விடற எடம். பொழுது சாஞ்சதும் எண்ணிப் பாப்பாங்க. அதுக்குள்ள போயிச் சேரணும்.

ஆமை புகுந்த ஊடு உருப்படாதுன்னு நெனைக்கற, உம் மூஞ்சியே சொல்லுது. எங்க தெருவுலயும் அதையேதான் சொன்னாளுக. நான் சொன்னேன், ஏனுங்க, ஆமை எங்கூட்டுக்குள்ள புகல, நாந்தான் அதோட ஊட்டுக்குள்ள புகுந்திருக்கேன், கெட்டா அதுதான் கெடும்னு. சிரிச்சாளுக. வாய் வெச்ச நேரம் பாரு.

பேரு லட்டு. நட்சத்திர ஆமைன்னு சொல்லுவாங்க, ஓட்டு மேல மஞ்சக் கோடு நட்சத்திரமாட்டம் இருக்கும். இந்த மாதிரி நாப்பது குஞ்சு ஒட்டுக்கா வந்துச்சு. ஏரோப்பிளேன்ல வெளிநாட்டுக்குக் கொண்டு போறதுக்கு எவனோ ஒரு பாவி சாக்ஸுக்குள்ள திணிச்சு பொட்டியில அடுக்கியிருக்கான். பொட்டியைப் பிரிச்சப்ப எம்பதுக்கு மேல இருந்துச்சாம். எங்ககிட்ட உசுரோட வந்தது நாப்பது. ஒவ்வொண்ணும் எலுமிச்சம்பழம் தண்டி. கையில வெச்சா கனமே தெரியாது. ஓட்டை அமுத்துனா நகமாட்டம் லேசா அமுங்கும். உள்ளங்கையிலயே வெச்சுப் பாத்துட்டிருந்தேன் கண்ணு. எந்த ஆத்தா பெத்துதோ, எங்க கெடந்துதோ, சாக்ஸுக்குள்ள கெடந்து என்னபாடு பட்டுதோன்னு.

நாப்பதையும் ரெண்டாப் பிரிச்சாங்க. இருபது எனக்கு, இருபது வெள்ளிங்கிரிக்கு. வெள்ளிங்கிரின்னு ஒருத்தன் எங்கூட வேலை பாக்கறான். அவனைப் பத்திச் சொல்றேன் இரு, சொல்லாம எனக்கு ஆறாது.

ஷபானா டாக்டரம்மாதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. சின்ன வயசு, நல்ல பொறுமை. எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சு, "அக்கா, இது தண்ணியில கெடக்கற ஆமை இல்லீங்க. கொரங்காட்டு ஆமை"ன்னாங்க. கொரங்காடு தெரியுமில்ல உனக்கு? ஆடு மாடு மேயற வானம் பாத்த பூமி, சுத்தியும் கிளுவை வேலி. "அங்க என்ன கெடைக்குமோ அதைத்தான் திங்கணும். புல்லு, எலை, முள்ளு சீவுன கள்ளி மடல், செம்பருத்தி. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, அதான் கடல்நுரை, ஒரு துண்டு போட்டு வையுங்க, அதே கொறிச்சுக்கும். பருப்பு வேண்டாம். முட்டை வேண்டாம். பால், சோறு எதுவும் வேண்டாம். காலையில வெயில் படணும், உச்சிக்கு நெழல் வேணும். மண்ணு ஒரு மூலையில எப்பவும் ஈரமா இருக்கணும், அதுல அதுக பொதைஞ்சு கெடக்கும். மெதுவா வளரட்டுங்க அக்கா. மெதுவா வளந்தாத்தான் ஓடு வழவழன்னு வரும்"னாங்க.

நான் தலையை ஆட்டுனேன். மனசுக்குள்ள சிரிச்சேன். எலுமிச்சம்பழம் தண்டி கொழந்தைக்குப் புல்லாம்! மெதுவா வளரணுமாம்! எந்தக் கொழந்தையையாவது மெதுவா வளரட்டும்னு பட்டினி போடுவாளா ஒருத்தி? டாக்டரம்மா படிச்சவங்கதான். ஆனா அப்ப அவங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். பிள்ளை வளத்தி அறியாதவங்கன்னு நெனச்சேன்.

வெள்ளிங்கிரி இருக்கானே, அவன் அவங்க சொன்னபடிதான் செஞ்சான். கேட்டா ஒழுக்கமானவன்னு நெனைப்ப. சோம்பேறி கண்ணு! சொன்னதுக்கு மேல ஒரு துரும்பு எடுத்துப் போடமாட்டான். காலையில புல்லை வேரோட மண்ணோட புடுங்கிட்டு வந்து விசிறியெறிவான். தட்டுல தண்ணி ஊத்துவான். ஒடஞ்ச சட்டி ரெண்டைக் கவுத்து வெச்சான், அதுதான் அதுகளுக்கு ஊடு. அப்பறம் வேப்பமரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்தான்னா டீ வந்தாத்தான் எந்திரிப்பான். மழை பேஞ்சா அவன் குஞ்செல்லாம் சேத்துல புரளும். ஏண்டா, தொடைச்சு உடப்படாதான்னு கேட்டா, "அது ஆமைதானக்கா, பாப்பாவா?"ம்பான். தண்ணி தெளிச்சு விட்டுட்டான் அவன்.

மூணாவது மாசம் கீரி வந்துச்சு. அவன் பட்டியில ரெண்டைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அப்பறம் காக்கா ஒண்ணைக் கொத்திக் கொன்னுச்சு. இன்னொண்ணு தானாச் செத்துச்சு. நாலு போச்சு அவனுக்கு. மேல வலை கட்டுனாங்க, அதுக்கப்பறம் ஒண்ணும் போகல. ஆனா நான் வலை வர்ற வரைக்கும் காத்திருக்கல. எங்குஞ்சு இருபதையும் கூடையில அள்ளிக் கொண்டு போயி தீவன ரூமுக்குள்ள வெச்சுட்டேன்.

நல்ல ரூம் கண்ணு. ஈரமே கெடையாது. தரையில சாக்கு விரிச்சு, அது மேல வெக்கோல் போட்டு, மேல ஒரு குண்டு பல்பு தொங்க விட்டேன், கதகதன்னு இருக்கட்டும்னு. காக்கா இல்ல, கீரி இல்ல, சேறு இல்ல. தெனமும் ஈரத் துணியில தொடைச்சு உடுவேன், ஓடெல்லாம் பளபளன்னு இருக்கும். கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திட்டுப் பாத்தேன். மூணு வருசத்துல எங்கையில ஒண்ணு சாகல. ஒண்ணு! யாரு வேணா வந்து எண்ணிக்கட்டும்.

டாக்டரம்மா வர்ற அன்னைக்கு மட்டும் கூடையில போட்டு வெளிய பட்டிக்குக் கொண்டு போயிருவேன். வாசல்ல ஜீப் சத்தம் கேட்டா ஓட்டமும் நடையுமாப் போவேன். வெள்ளிங்கிரி பாத்துட்டு, "வேண்டாங்க்கா, சொன்னபடி செய்யுங்க"ன்னு ஒரு நா சொன்னான். நாலைத் தின்னு முழுங்குனவன் எனக்குப் புத்தி சொல்றியாடான்னு கேட்டேன். துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு மரத்தடிக்குப் போயிட்டான்.

தீனியா? கேளு. மொதல்ல ஊற வெச்ச பச்சப்பயறு. சும்மா பத்துப் பதினஞ்சு பயறு, கையில வெச்சுக் காட்டுனேன். மோந்து பாத்துச்சு ஒண்ணு. தின்னுச்சு. அதுதான் லட்டு. அதைப் பாத்து இன்னொண்ணு. அப்பறம் அவிச்ச முட்டை மஞ்சக்கரு. அப்பறம் தயிருஞ் சோறு ஒரு கவளம். ரெண்டு குஞ்சுக மட்டும் எதையுமே தொடாதுக. அடங்காப்பிடாரிக! முட்டையைக் காட்டுனா மூஞ்சியத் திருப்பிட்டு மூலையில காஞ்சு கெடக்கற அருகம்புல்லைத் தேடிட்டுப் போகும், கதவு தொறந்திருந்தா வெளிய மண்ணுல போயிப் பொதைஞ்சுக்கும். கெடந்து சாவுங்கன்னு வைஞ்சுட்டு விட்டுட்டேன். மத்த பதினெட்டும் எஞ் செருப்புச் சத்தம் கேட்டா ஓடி வரும். ஆமை ஓடிப் பாத்திருக்கியா நீ? நான் பாத்திருக்கேன். கழுத்தை நீட்டிட்டு, காலை மாத்தி மாத்தி வெச்சுட்டு, நீயா நானான்னு வரும்.

எங்கை ராசி அப்பிடி. எம் பையன் பூபதியும் இப்பிடித்தான். அவங்கப்பா லாரியில அடிபட்டுப் போயிப் பதினாலு வருசமாச்சு, அப்ப இருந்து அவனுக்கு எங்கையால போட்டாத்தான் சோறு எறங்கும். ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை கெடைச்சுது. நல்ல வேலைதான். பதினோரு நாள் இருந்தான். மெஸ்ஸு சோறு ஒத்துக்கலம்மா, தூக்கமே வரலம்மான்னு பன்னண்டாம் நாள் வந்து நின்னான். போச்சாது போடா, வேலை எங்க ஓடிப் போகுதுன்னேன். இப்ப இருபத்தேழு நடக்குது. ஊட்லதான் இருக்கான், போனைப் பாத்துட்டு. படியேறுனா மூச்சு வாங்குது, அது ஒடம்பு வாகு. ஆத்தா மேல உசுரு அவனுக்கு. இந்தக் காலத்துல எந்தப் பையன் அப்பிடி இருக்கான் சொல்லு?

எங்க உட்டேன்? ஆங், தீனி.

ஆறே மாசத்துல எங்குஞ்சுக அவன் குஞ்சை விட ரெண்டு மடங்கு. டாக்டரம்மா தராசுல வெச்சுப் பாத்துட்டு நெத்தியச் சுருக்குனாங்க. "நெம்ப வேகமா வளருதேக்கா. வேற ஏதாச்சும் குடுக்கறீங்களா?"ன்னு கேட்டாங்க.

"ஐயோ, நீங்க சொன்னதுதானுங்க"ன்னேன்.

எங் கண்ணைப் பாத்தாங்க. நம்பிட்டாங்க. நம்பாம இருந்திருக்கலாம். கண்ணு, அந்த ஒரு நா மட்டும் அவங்க எம் பேச்சை நம்பாம, தீவன ரூம் கதவைத் தொறந்து பாத்திருந்தா... சரி, அவங்களைக் குத்தஞ் சொல்லி என்ன ஆகப் போகுது.

அப்பறம் அவங்க பிரசவத்துக்குப் போயிட்டாங்க. கொழந்தையையும் பாத்துட்டுத் திரும்பி வர்றதுக்கு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல வந்த டாக்டரு ஜீப்பை விட்டு எறங்கி, "எல்லாம் உசுரோட இருக்குதா?"ம்பாரு. "இருக்குதுங்க"ம்பேன். ஏறிப் போயிருவாரு. அவ்வளவுதான்.

அந்தச் சமயத்துலதான் முதுகுல மேடு எழும்புச்சு. ஓட்டு மேல கட்டங் கட்டமா இருக்குமில்ல, ஒவ்வொரு கட்டமும் தனித்தனியா மேல தூக்குச்சு. பணியாரக்கல்லைக் கவுத்து வெச்சா எப்பிடி இருக்கும்? அப்பிடி. நீ நம்பமாட்ட, எனக்கு அது அழகாத் தெரிஞ்சுது. வெள்ளிங்கிரி பட்டியில இருக்கறதெல்லாம் தட்டையா, மண்ணு நெறத்துல, கூழாங்கல்லாட்டம் கெடக்கும். என்னோடதுதான் நட்சத்திரம் நட்சத்திரமா நிமிந்து நிக்கும். காக்கைக்குந் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க. பாக்க வர்றவங்ககிட்டயெல்லாம் என்னோடதைத்தான் எடுத்துக் காட்டுவேன். அவங்களும் ஆகா ஊகூன்னு போட்டோ எடுத்துக்குவாங்க.

போன மாசம் டாக்டரம்மா திரும்பி வந்தாங்க. இனி காட்டுல விடலாமான்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறதுக்கு. அன்னைக்கு நான் புதுச் சீலை கட்டிட்டுப் போனேன். சிரிக்காத. எம்புள்ளைக காட்டுக்குப் போகுதுகன்னு ஒரு இது. மூணு வருசமா அதுக்குத்தான வளத்துனது. சாக்ஸுக்குள்ள கெடந்ததுக பூமியில நடக்கணும், அதை எங் கண்ணால பாக்கணும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

மொதல்ல வெள்ளிங்கிரியோடது. மேசை மேல துணி விரிச்சு, ஒவ்வொண்ணா வெச்சு, கட்டை வெரலால ஓட்டைத் தடவிப் பாத்தாங்க. காலை இழுத்துப் பாத்தாங்க. கவுத்துப் போட்டு, தானா நிமிருதான்னு பாத்தாங்க. எல்லாம் ஒரு ஒதறு ஒதறி நிமிந்துக்குச்சு. பதினாறும் சரின்னுட்டாங்க. அவன் பல்லைக் காட்டிட்டு நிக்கறான்.

அப்பறம் நான் லட்டைக் கொண்டு போயி வெச்சேன். இருக்கறதுலயே பெருசு அதுதான்.

டாக்டரம்மா கை வெக்கல. பாத்துட்டே நின்னாங்க. அப்பறம் மெதுவா ஒவ்வொரு மேடாத் தொட்டாங்க. "அக்கா, உள்ளயே வெச்சிருந்தீங்களா?"ன்னாங்க. நான் மேசைத் துணியை நீவி உட்டேன். "முட்டை குடுத்தீங்களா?"ன்னாங்க. லட்டைக் கவுத்துப் போட்டாங்க. அது காலைக் காலை ஒதறுது, அந்த மேடு முட்டுக் குடுத்துட்டு நிக்குது, நிமிர முடியல. நான் கையை நீட்டுனேன். "தொடாதீங்க"ன்னாங்க. எவ்வளவு நேரமுன்னு தெரியல, எனக்கு ஒரு வருசமாட்டம் இருந்துச்சு. கடைசீல அவங்களே நிமித்தி வெச்சாங்க. நிமித்தி வெச்சுட்டு அழுதுட்டாங்க கண்ணு. ஒரு டாக்டரு, அத்தனை பேரு முன்னால.

"என்னாச்சுங்க, கொஞ்சம் மேடுதானுங்க, தேச்சா அமுங்காதுங்களா?"ன்னு கேட்டேன். அப்பிடிக் கேட்டேன் நான்.

"அது மேல வந்த கட்டியில்லக்கா. அதோட முதுகெலும்பே ஓட்டோட ஒட்டித்தான் இருக்குது. ஓடு வளைஞ்சா உள்ள எலும்பு வளையும், நொரையீரலுக்கு எடம் பத்தாது. பின்னங்கால்ல பலமில்ல. ஒரு பள்ளத்துல கவுந்தா அங்கயே வெயில்ல காஞ்சு செத்துரும். பொட்டையா இருந்தா முட்டை போடறப்பச் சிக்கிக்கும். இனி ஒழுங்கா வளத்துனா இதுக்கு மேல வளர்றது சமமா வளரும். ஆனா எழும்புன மேடு எழும்புனதுதான்"னு சொன்னாங்க.

"செத்துருங்களா?"ன்னேன்.

"சாகாதுக்கா. இங்கயே இருக்கும். அம்பது வருசங்கூட இருக்கும்."

அம்பது வருசம்! எனக்கு இப்பவே அம்பத்தி மூணு. நான் போன பொறகு இதுகளுக்கு யாரு இருக்கா கண்ணு? யாரு செருப்புச் சத்தத்துக்கு இதுக ஓடும்?

என்னோடதுல ரெண்டே ரெண்டைத்தான் சரின்னாங்க. எதுன்னு நெனைக்கற? அதேதான். முட்டையைத் தொடாத அந்த அடங்காப்பிடாரிக ரெண்டும்.

என்னைய வேலையை விட்டு அனுப்பல அவங்க. அனுப்பியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். "நீங்களே பாத்துக்கங்கக்கா, உங்களை விட அன்பா யாரும் பாக்கமாட்டாங்க. ஆனா இனிமேலாச்சும் நான் சொன்னபடி"ன்னாங்க. தீவன ரூமுச் சாவியை மட்டும் வாங்கிட்டாங்க.

பதினெட்டையும் ஜீப்புல ஏத்திட்டுப் போனாங்க, அவன் பதினாறு, என்னோடது ரெண்டு. வர்றீங்களான்னு கேட்டாங்க. தலை வலிக்குதுன்னுட்டேன். வெள்ளிங்கிரிதான் போனான். சாயங்காலம் வந்து சொல்றான், "எறக்கி உட்டதும் ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கலக்கா. கிளுவை வேலிக்குள்ள பூந்து நொடியில காணாமப் போயிருச்சு"ன்னு. என்னமோ அவன் ஊட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி ஒரு சந்தோசம் அவன் மூஞ்சியில. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நன்றிகெட்டதுக, மூணு வருசம் தண்ணி வெச்சவனைத் திரும்பிப் பாக்கறதுக்கென்னன்னு கேட்டேன். அவன் என்னையவே பாத்தான். "திரும்பிப் பாத்தா அதுக்கு என்னக்கா கெடைக்கும்?"னு கேட்டுட்டுப் போயிட்டான்.

நீயே நாயத்தைச் சொல்லு. மரத்தடியில படுத்துத் தூங்குனவனோடது காட்டுக்குப் போச்சு. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி, எந் தட்டுல இருந்த முட்டையை எடுத்து ஊட்டுனவளோடது கூண்டுல கெடக்குது. எந்த ஊரு நாயம் இது?

அதுக்கப்பறம் ஒரு மாசமா வெளிய பட்டியிலதான் இருக்குதுக. புல்லு போடறேன், கள்ளி மடல் சீவிப் போடறேன். பாதிதான் திங்குதுக. மீதியை மிதிச்சுட்டு எங் கையையே பாத்துட்டு நிக்குதுக. நாலஞ்சு இப்பத்தான் மண்ணுல பொதையப் பழகுது. லட்டு மட்டும் பழகல. அப்பத்தான் எனக்கு ஒரு ரோசம் வந்துச்சு. நானும் ஒண்ணைய விட்டுக் காட்டறேன்னு. டாக்டரம்மா சொன்னா வேதமா? காட்டைப் பாத்தா அதுக்கு ரத்தத்துல இருக்கறது வராதா? பறவைக் குஞ்சுக்கு யாரு பறக்கச் சொல்லிக் குடுத்தா?

இன்னைக்குக் காலையில ஒரம்பரைச் சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போறேன்னு மத்தியானம் வரைக்கும் லீவு சொல்லிட்டு, லட்டை இந்தப் பையில போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். வெள்ளிங்கிரிகிட்ட முன்னாலயே எடங் கேட்டு வெச்சிருந்தேன். வெள்ளகோவில் தாண்டி ஒரு கொரங்காடு. அதே எடம். பதினெட்டும் போன அதே எடம். கிளுவை வேலி, வேலாமரம், முழங்கால் ஒசரத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லு. வேலியோரமா எறக்கி வெச்சேன். போ சாமி, போ, இதுதான் உம் பூமின்னேன். நெத்தியில ஒரு முத்தங் குடுத்துட்டு அக்கட்டால வேலாமரத்துக்குப் பின்னால போயி உக்காந்துட்டேன்.

தலையை வெளிய நீட்டுச்சு. சுத்திப் பாத்துச்சு. புல்லு மூக்குல இடிக்குது, திங்கல. வெயில் ஏறுச்சு. பக்கத்துலயே வேலி நெழலு, நாலடிகூட இருக்காது. போ, போன்னு வாய்க்குள்ளயே சொல்றேன். போகத் தெரியல கண்ணு. வெயில்லயே நிக்குது. எறும்பு காலு மேல ஏறுது. அப்பறம் நாலு எட்டு வெச்சுச்சு, ஒரு மாட்டுக் குளம்புக் குழியில எடறிக் கவுந்துருச்சு. காலை ஒதறுது. நான் எண்ணுனேன். அம்பது வரைக்கும் எண்ணலாம்னு உக்காந்தேன். முப்பதுக்கு மேல முடியல. ஓடிப் போயி நிமித்தி உட்டுட்டு, நெழல்ல வெச்சுட்டு, திரும்பியும் மரத்துக்குப் பின்னால வந்துட்டேன்.

வெச்ச எடத்துலயே இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும், மத்தியானத்துக்கு மேலயும். லீவு முடிஞ்சுது, நான் எந்திரிக்கல. ஒரு புல்லைக் கடிச்சிருந்தா உட்டுட்டு வந்திருப்பேன். கோயில் கோயிலா வேண்டிட்டேன், ஒரே ஒரு புல்லுன்னு.

எறங்கு வெயில்லதான் சரின்னு எந்திரிச்சேன். பதினஞ்சடி தூரம் இருக்கும் எனக்கும் அதுக்கும். "லட்டூ"ன்னு ஒரு சத்தங் குடுத்தேன். படக்குன்னு தலை வெளிய வந்துச்சு. திரும்புச்சு. காலையில இருந்து நாலு எட்டுக்கு மேல வெக்கத் தெரியாத காலு, அந்த இத்துப்போன பின்னங்காலை இழுத்து இழுத்து, புல்லெல்லாம் தள்ளிட்டு, நடுவுல எங்கயும் நிக்காம எங்கிட்ட வந்துச்சு. எஞ் செருப்பு மேல தாடையை வெச்சுட்டு வாயைத் தொறந்துச்சு.

முட்டை கொண்டு போகக்கூடாதுன்னு நெனச்சுத்தான் கெளம்புனேன் கண்ணு. சத்தியமா. ஆனா பையில இருந்துச்சு.

அங்கயே உக்காந்து மஞ்சக்கருவைப் பிட்டுப் பிட்டு ஊட்டுனேன். நெஞ்சுல அடிச்சுட்டு அழுதிருக்கணும் அப்ப. பதினெட்டும் திரும்பிப் பாக்காமப் போன காட்டுல நின்னுட்டு, இதைய நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு கதறியிருக்கணும். மனுசியா இருந்தா கதறியிருப்பா. நான் அழுகல. போகாம எங்கிட்டயே வந்துருச்சேன்னு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு கண்ணு. அவ்வளவு சந்தோசமா இருந்துச்சு.